சீட்டு அக்கா, துணிக்கடை, கேஸ் புக்கிங்

பலருடைய போனில் என் பெயர் என் பெயராக இல்லை. ஒரு பெண்ணுக்கு நான் ‘சீட்டு அக்கா’. இன்னொருத்திக்கு ‘துணிக்கடை’. திருச்செங்கோட்டுப் பக்கம் தறி ஓட்டும் ஒருவர் ‘கேஸ் புக்கிங்’ என்று போட்டு வைத்திருக்கிறார். நான் கூப்பிட்டால் அவருடைய மருமகள், “மாமா, கேஸ்காரங்க கூப்படறாங்க” என்று போனைக் கொண்டுபோய்க் கொடுக்கும். மனைவிக்கு விஷயம் தெரியும், மருமகளுக்குத் தெரியாது. ஒருநாள் அந்தப் பெண் தானே போனை எடுத்து, “சிலிண்டர் எப்பங்க வரும்?” என்று கேட்டுவிட்டது. “நாளைக்குச் சொல்றேன் கண்ணு” என்று வைத்துவிட்டேன்.

நாமக்கல் மாவட்டத்தில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான ஆதரவு மையம் ஒன்றில் களப்பணியாளராக இருக்கிறேன். எனக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது, 2005லிருந்து. இதில் வருபவர்களின் ஊரையும் தொழிலையும் அங்கங்கே மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

மாத்திரை அரசாங்கத்தில் இலவசம். நல்ல மாத்திரை. இத்தனை வருஷத்தில் மருந்து வேலை செய்யாமல் செத்தவர்களை நான் பார்த்தது குறைவு. பஸ் காசு இல்லாமல், லீவு கிடைக்காமல், டப்பாவை ஒளித்து வைக்க இடமில்லாமல், நாத்தனார் பார்த்த ஒரு பார்வைக்குப் பயந்து மருந்தை விட்டுப் போனவர்கள்தான் அதிகம். என் வேலை அந்த இடத்தில் நிற்பது.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். எங்கள் ஊரில் அது ஒன்றும் விசேஷமில்லை, வீட்டுக்கு ஒருவர் லாரியில் இருப்பார். இருமல் வந்தது, டி.பி. என்றார்கள், அதற்கப்புறம் ரத்தப் பரிசோதனை. அவர் படுத்திருந்த வார்டில் கேஸ் ஷீட் மேலே சிவப்பு மையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் போனார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நம்பிக்கை மையத்தில் (அரசு எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) என் முடிவை வாங்கியபோது எனக்கு வயது 26, பையனுக்கு 4. பையனுக்கு இல்லை என்று வந்தது. காரியம் முடிந்த மறுநாள் மாமியார் எனக்கு என்று ஒரு தட்டையும் டம்ளரையும் திண்ணையில் தனியாக வைத்தார். நான் பையனைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கட்டிய புடவையோடு வந்தது பெரிய தப்பு என்று அப்போது தெரியாது.

இந்தியாவில் அரசின் இலவச ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) சிகிச்சை 2004 ஏப்ரல் 1ஆம் தேதி எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியது. சென்னைப் பக்கத்துத் தாம்பரம் சானடோரியம் அதில் ஒன்று. நான் அங்கேதான் போனேன். பக்கத்திலேயே மையம் வந்த பிறகும் கொஞ்ச காலம் தாம்பரத்துக்கே போய்க்கொண்டிருந்தேன், ஊரில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று. சேலத்தில் ராத்திரி ரயில் ஏறி, விடிகாலையில் போய் வரிசையில் நின்றால், எனக்கு முன்னால் நிற்பது எங்கள் பக்கத்து ஊர்க்காரி! 350 கிலோமீட்டர் தாண்டி ஒளிந்துகொள்ள வந்த ரெண்டு பேரும் ஒரே வரிசையில். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவளை அப்புறம் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் சிடி4 (ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை 200க்குக் கீழே போனால்தான் மருந்து தருவார்கள். எனக்கு 162. கொடுத்த மருந்தில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. உயிரைக் காப்பாற்றியது, ஆனால் கன்னத்தை உள்ளே இழுத்துவிட்டது, உள்ளங்கால் எரியும். ஒட்டிய கன்னத்தைப் பார்த்தே ‘அந்தக் கேஸ்’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த மருந்தை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். 2017லிருந்து சிடி4 எவ்வளவு இருந்தாலும் கண்டுபிடித்த உடனே மருந்து. இப்போது பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, டோலுடெக்ராவிர் சேர்ந்தது. புதிதாக வருகிறவர்கள் கூகுளில் பழைய படங்களைப் பார்த்துவிட்டு, “முகம் இப்படி ஆயிருமாக்கா?” என்று கேட்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம் திணறத்தான் செய்கிறேன்.

தூரத்து மையத்துக்குப் போவது ஆரம்பத்தில் தைரியம் தரும். ஆனால் மழை, காய்ச்சல், கையில் காசில்லாத மாதம் என்று ஏதாவது ஒன்று வந்தால் முதலில் அறுவது அந்தத் தூரத்துக் கயிறுதான். நான் இப்போது சொல்வது: சொந்த ஊர் மையம் வேண்டாமென்றால் ஒரே பஸ்ஸில் போகிற அடுத்த மாவட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மையம் மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. இருக்கிற மையத்தில் மாற்றுக் கடிதம் வாங்கி, சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகத்தோடு போனால் போதும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டு வேறு இடத்தில் புது ஆளாகப் பதிய வேண்டாம். பழைய மருந்து விவரம் தெரியாமல் டாக்டர் குழம்புவார், நஷ்டம் நமக்கு.

என்னை மீட்டது நெட்வொர்க். எச்.ஐ.வி. உள்ளவர்களே சேர்ந்து நடத்தும் சங்கங்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சென்னையில் 1997ல் அகில இந்திய அளவில் ஒன்று தொடங்கியது, 1998ல் கௌசல்யா பெண்களுக்காகப் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார். அதைப் பார்த்து மாவட்டம் மாவட்டமாக முளைத்தன. எங்கள் மாவட்டச் சங்கத்திலிருந்து வந்த அக்காவிடம் நான் அழ ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, “அழுகிறத அப்பறம் அழுதுக்கலாம் அம்மிணி. எறப்புச் சான்று கையில இருக்குதா?” என்று கேட்டார்.

இல்லை. ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பத்திரம், கல்யாண போட்டோ, பையன் பிறப்புச் சான்று எல்லாம் மாமியார் வீட்டுப் பீரோவில். அந்தக் கார்டில் என் பெயரை நீக்கினால்தான் புதுக் கார்டு. பெயர் நீக்க அவர்கள் தயவு வேண்டும். ஒன்றரை வருஷம் அலைந்தேன். இன்றைக்கும் புதிதாகப் பாசிட்டிவ் என்று தெரிந்த எந்தப் பெண்ணிடமும் மருந்துக்கு அடுத்து நான் கேட்பது காகிதம்தான். வீட்டில் இன்னும் நல்ல முகம் இருக்கும்போதே எல்லாவற்றையும் நகல் எடுத்து அம்மா வீட்டில் ஒரு செட் வைத்துவிடு என்பேன். சில பேருக்குக் கோபம் வரும், எங்க வீட்டுல அப்படியெல்லாம் இல்லை என்று. இல்லாமல் இருந்தால் நல்லதுதான், நகல் ஒரு ஓரமாகக் கிடக்கட்டும்.

நான் வீட்டை விட்டு வந்தபோது இல்லாத ஒரு சட்டம் இப்போது இருக்கிறது. எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. எச்.ஐ.வி. உள்ள பெண்ணையும் 18 வயதுக்குட்பட்டவர்களையும் சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அதில் இருக்கிறது. வழக்குப் போடப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100க்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். ஆனால் ஒன்று, சட்டத்தை வைத்து வீட்டுக்குள் இருந்துவிடலாம், அந்த வீட்டில் சோறு இறங்குமா என்பது வேறு. இரண்டையும் யோசித்து முடிவெடுக்கச் சொல்வேன்.

அடுத்தது பென்ஷன். எந்தப் பெயரில் உதவி கேட்கிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆதரவற்ற விதவை உதவித்தொகை (2023ல் மாதம் 1,200 ரூபாய் ஆனது) கேட்கும் பெண் தன் நோயைச் சொல்ல வேண்டியதே இல்லை. கணவர் இறந்ததும் ஆதரவில்லாததும் போதும். விசாரணைக்கு வருகிறவர், “எதுல தவறிட்டாரு?” என்று கேட்டால், “டி.பி.ங்க” என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. நான் அப்படித்தான் வாங்கினேன். நமக்கு இருக்கிற எல்லா அடையாளத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன்: விதவை, கட்டடத் தொழிலாளி, மாற்றுத்திறனாளி, முதியவர். இதில் எச்.ஐ.வி.யைத் தொடாமல் கிடைப்பது எது என்று முதலில் பார்ப்போம். கிராமத்து அலுவலகத்தில் ஒரு மனு மூன்று பேர் கையாவது மாறும். அந்த மூன்று பேருக்கும் மச்சான், மாமன் இருப்பார்கள்.

களத்துக்கு வருகிறேன். மாதாமாதம் ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். தேதி தவறியவர்கள், போன் எடுக்காதவர்கள், ரொம்ப நாளாகவே காணாமல் போனவர்கள். அவர்களைத் தேடிப் போய்த் திரும்பக் கூட்டி வர வேண்டும். முதல் வருஷம் ஒரு பெரிய தப்பு செய்தேன். பள்ளிபாளையம் பக்கம் தறிப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பியின் லைன் வீட்டுக்குப் போனேன், கழுத்தில் அடையாள அட்டையோடு. எங்கள் அலுவலக அட்டை, அதில் எச்.ஐ.வி. சின்னமான சிவப்பு ரிப்பன் படம். பெருமையாகத்தான் போட்டிருந்தேன், முதல் வேலை. பக்கத்து வீட்டு அம்மா தண்ணீர் கொடுத்தார், கொடுக்கும்போது அட்டையைப் படித்தார். படித்ததை நானும் பார்த்தேன். அடுத்த மாதம் போனால் அந்த வீட்டில் வேறு ஆள் குடியிருக்கிறார்கள். எட்டு மாதம் கழித்து அந்தத் தம்பி வேறு ஊரில், வாயெல்லாம் வெள்ளையாகப் புண் பிடித்து, 38 கிலோ எடையில் கிடைத்தான். பிழைத்துக்கொண்டான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து அட்டை பைக்குள் இருக்கும், கேட்டால் எடுத்துக் காட்டுவேன். ஒருவர் எங்களிடம் பதியும்போதே நான்கு கேள்வி கேட்டுவிடுவேன். போன் யார் கையில் இருக்கும்? எந்த நேரம் கூப்பிடலாம்? என்னை என்ன பெயரில் பதிந்துகொள்வீர்கள்? வீட்டுக்கு வரலாமா, வந்தால் யாராக வரட்டும்? வீட்டுக்கு வேண்டாம் என்பவர்களை பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன், சந்தையில் பார்ப்பேன், ஒருவரை ஆறு வருஷமாக மாரியம்மன் கோயில் மண்டபத்தில்தான் பார்க்கிறேன். சீட்டு அக்காவாகப் போனால் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும். துணிக்காரியாகப் போனால் நாலு நைட்டியாவது பையில் இருக்க வேண்டும். ஒருமுறை நிஜமாகவே ரெண்டு நைட்டி விற்றுவிட்டது! போனை வேறு யாராவது எடுத்தால் மையத்தின் பெயர் வாயில் வரவே கூடாது. “யாருங்க நீங்க?” என்று இரண்டாம் தரம் குடைந்தால் ராங் நம்பர். இதெல்லாம் எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

டப்பா ஒரு தனிக் கதை. மாத்திரையைப் பேப்பரில் மடித்தும், விபூதி டப்பாவில் போட்டும் வைப்பார்கள். அந்த டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறதே, அது மாத்திரை கெடாமல் இருக்கத்தான். அதனால் டப்பாவை மாற்றாதீர்கள், லேபிளை மட்டும் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து உரித்துவிடுங்கள். குலுக்கினால் சத்தமும் வரும். சத்தத்துக்குப் பயந்து மாத்திரையை விட்டவளை எனக்குத் தெரியும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடு, பாவம்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. தறியில் ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். ராத்திரி ஒன்பது மணி என்று எழுதிக்கொடுத்துவிட்டால் ராத்திரி ஷிஃப்ட் வாரம் முழுக்கக் கோட்டை விட்டுவிடுவார்கள். இரண்டு ஷிஃப்டிலும் வீட்டில் விழித்திருக்கும் ஒரு நேரத்தைப் பிடிக்க வேண்டும், டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். இப்போதைய மாத்திரையோடு இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் ஒன்றாகப் போடக் கூடாது, அசிடிட்டிக்குக் குடிக்கிற மருந்தைச் சாப்பாட்டோடுகூட ஒன்றாகப் போடக் கூடாது. ஏ.ஆர்.டி. மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், சத்து மாத்திரையை எல்லாரும் கொடுப்பார்கள், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். அப்புறம் கசாயம், லேகியம். எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும் மையத்து டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும். ஏ.ஆர்.டி.யை நிறுத்தினால்தான் என் மருந்து வேலை செய்யும் என்கிறவன் படியை மட்டும் மிதிக்கக் கூடாது.

வருஷத்துக்கு ஒரு தடவை வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) பார்க்கிறார்கள், இலவசம்தான். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவில் துணைக்குத் தொற்றாது. இந்த ஒரு வரியைச் சொன்னபோது எத்தனை தம்பதிகள் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். பத்து வருஷமாகத் தனித்தனிப் பாயில் படுத்தவர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கு இன்னொன்று: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நமக்கு வருவதற்கு மற்றவர்களைவிட ஆறு மடங்கு வாய்ப்பு அதிகம். பரிசோதனை அரசு மருத்துவமனையில் ஐந்து நிமிஷ வேலை. வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுகிறவர்களை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போகிறேன்.

2020 ஊரடங்கில் பஸ் இல்லை. மூன்று மாத மருந்தாகச் சேர்த்துக் கொடுத்தார்கள், வர முடியாதவர்களுக்கு நாங்களே கொண்டுபோனோம். நான் முறுக்கு டின்னில் அடுக்கி மொபெட்டில் எடுத்துப் போனேன். செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி டின்னைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். லேபிளைப் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “மெதுவா போங்கம்மா, ரோட்டுல ஜல்லி கொட்டியிருக்கு” என்றார். அவ்வளவுதான். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்ததே, அது எங்கள் பட்டியலுக்குச் செய்த நன்மையை யாரும் எழுதவில்லை. ரெண்டு பஸ் மாறி வந்தாலும் காசு கிடையாது. ‘பஸ்ஸுக்கு இல்லீங்க்கா’ என்ற காரணம் பெண்கள் பக்கம் ஏறக்குறைய நின்றேவிட்டது.

மருத்துவமனைகள் விஷயத்தில் ஒரு பாடம். எங்களில் ஒருவருக்குக் குடலிறக்கம். பக்கத்து நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் தேதி கொடுத்துவிட்டு, ரத்த முடிவு வந்ததும், “இங்க அதுக்கு வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார்கள். முன்பெல்லாம் அழுதுகொண்டு வந்துவிடுவோம். இந்த முறை நான் கேட்டது ஒன்றே ஒன்று: “என்ன காரணம்னு எழுதிக் குடுங்க.” எச்.ஐ.வி.க்காகச் சிகிச்சை மறுக்க அந்த 2017 சட்டப்படி தடை இருக்கிறது, சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்வதும் தப்பு, இருபது பேராவது வேலை செய்கிற மருத்துவமனை என்றால் புகார் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று மெதுவாகத்தான் சொன்னேன். சத்தம் போட்டால் அந்த வராந்தாவுக்கே விஷயம் தெரிந்துவிடும், அதில் நமக்குத்தான் நஷ்டம். எழுதிக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி முடிந்ததில்லை, முடியாதபோது மாநிலக் குறைதீர்ப்பாளருக்கு மனு எழுத உதவுவோம். 1097 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம், பெயர் சொல்ல வேண்டாம்.

இப்போது எங்கள் முன்னால் இருப்பது வேறொரு பிரச்சனை, யாரும் எதிர்பார்க்காதது. நாங்கள் சாகவில்லை. வயதாகிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை, பிரஷர், முட்டி வலி, கண்புரை. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்க ஆள் வேண்டும், எங்களில் பாதிப் பேருக்கு ஆளே இல்லை. முதியோர் இல்லத்தில் நோயைச் சொன்னால் சேர்ப்பார்களோ மாட்டார்களோ என்ற பயம். அதனால் மாதக் கடைசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு ஏற்பாடு செய்தோம். ஜோடி. இரண்டு இரண்டு பேராக. ஒருவருடைய மருந்துத் தேதி மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டுச் சாவி எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், அட்மிட் ஆனால் இவர் போய் உட்கார வேண்டும். 62 வயதுப் பெரியவர் ஒருவருக்கும் முப்பது வயது லாரி கிளீனர் ஒருவனுக்கும் ஜோடி போட்டோம், சரிப்படாது என்றுதான் நினைத்தேன். கண்புரை ஆபரேஷனுக்கு அவன்தான் மூன்று நாள் கூட இருந்தான். பெரியவர் அவனுக்குப் பெண் பார்க்கிறார், பாசிட்டிவ் பெண்ணாகவே. இதுவரை நான்கு ஜாதகம் வந்துவிட்டது, ஒன்றும் பொருந்தவில்லையாம். எச்.ஐ.வி. பொருந்தினாலும் செவ்வாய் தோஷத்தை விட மாட்டார்கள் நம்மவர்கள்.

ஜோடி போடுவதில் சில உடைந்தும் போயின. காசு கடன் கொடுத்து வாங்கிய ஜோடிகள் எல்லாம் உடைந்தன. அதனால் இப்போது சேர்க்கும்போதே சொல்லிவிடுகிறோம்: சோறு கொடுங்க, ரத்தம் கொடுக்க ஆள் பிடிங்க, கடன் மட்டும் வேண்டாம்.

என் ஜோடி அந்தத் தாம்பரம் வரிசைக்காரி. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவள், அதற்கு ரெண்டு வருஷம் கழித்து எங்கள் கூட்டத்துக்கு வந்தாள். கோழிப்பண்ணையில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். போன மாதம் எனக்குக் கர்ப்பப்பைக் கட்டி என்று சொல்லி, எடுத்துவிடலாம் என்றார்கள். பையன் ஓசூரில் வேலையில் இருக்கிறான், ஆபரேஷன் அன்றைக்கு வருவான், ஆனால் பெண்கள் வார்டில் ராத்திரி அவனை விட மாட்டார்கள். அதனால் படிவத்தை அவள்தான் வாங்கி நிரப்பினாள். ‘உடன் இருப்பவர்’ என்ற இடத்தில் தன் பெயர். ‘உறவு’ என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அக்கா’ என்று எழுதினாள். அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். கேட்டதற்கு, “தங்கச்சின்னு போட்டா நர்ஸம்மா அதட்டுவாங்க” என்றாள்.

வியாழக்கிழமை அட்மிஷன். 7.10 டவுன் பஸ். ஃப்ளாஸ்க்கும் பாயும் அவள் கொண்டு வருகிறாள், மாத்திரை டப்பா என் பையில்.